தேரி மணலில் என் ஜாவா

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். தூத்துக்குடியில் ஆசிரியை வேலை கிடைத்ததும், மாமா எனக்குக் கொடுத்திருந்த ஜாவா மோட்டார் சைக்கிளில்தான் பள்ளிக்குப் போவேன் என்றேன்.

"அண்ணனோட பெரியதாழைக்குப் போயிட்டு வா. தேரி மணலை யாரும் தள்ளிவிடாமத் தாண்டிட்டா, அதுலயே வேலைக்குப் போ. இல்லன்னா பஸ்சுதான்," என்றார் அப்பா.

அண்ணனுக்கும் உடன் வந்த அவன் கூட்டாளிகள் இருவருக்கும் புல்லட் ஒன்றுதான் வண்டி. மற்றதெல்லாம் தையல் மெஷின். தேரியின் செம்மணல் மேடு தொடங்கும் இடத்தில் நான் இறங்கி, இரண்டு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினேன்.

"ஏளா, அதுக்குள்ள பஞ்சரா?" என்று அண்ணன் சிரித்தான்.

"டயர் அகலமாப் படிஞ்சா மணல்ல புதையாது. நீயும் இறக்குண்ணே."

"புல்லட்டுக்கு அந்தக் கேவலம் வேண்டாம்."

மூன்று புல்லட்டுகளும் முழங்கிக்கொண்டு முன்னே போயின. சற்று தூரத்தில் மூன்றும் அச்சுவரை புதைந்து நின்றன. நின்றால் நானும் புதைந்துவிடுவேன். பள்ளியில் படித்த அழுத்தப் பாடத்தை நம்பி, வேகத்தைக் குறைக்காமல் அவர்களைக் கடந்தேன். வண்டி நெளிந்தது, நிற்கவில்லை.

கெட்டித் தரையில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். வேர்த்து வழிந்த அண்ணன், கூட்டாளிகள் பார்க்கக் குனிந்து, தன் புல்லட்டில் காற்றை இறக்கிக்கொண்டிருந்தான்.

அருகில் வந்ததும், "ஜாவா நல்ல வண்டின்னு நான் சொல்ல மாட்டேன். நீ தாண்டிட்டேன்னு அப்பாகிட்ட நானே சொல்லுதேன்," என்றான்.

எந்த வண்டி உசத்தி என்று அதுவரை அவனோடு ஓயாமல் சண்டை போட்டவள் நான். அதன்பின் அந்தச் சண்டை எனக்குத் தேவைப்படவில்லை. திங்கட்கிழமை காலை, தெருவே பார்க்க, சேலையைச் செருகிக்கொண்டு ஜாவாவை உதைத்தேன். ஒரே உதையில் கிளம்பியது.