சக்கரம் மாட்டும் நேரம்

என் அக்காவின் வீட்டுக்காரருக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. மூக்குக் கண்ணாடிக் கடை நடத்துகிறவருக்கு இது பெரிய குறை. வந்தவரின் கண்ணை அளந்துகொண்டே வாசலைப் பார்ப்பார். கண்ணாடியைத் தேய்க்கும் இயந்திரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே போய் வானத்தைப் பார்ப்பார். அதே கடையில் பதினாறு வருடமாக ஃபிரேம் எடுத்துக் காட்டுகிறவன் நான். மனுஷன் என் உயிரை வாங்கியிருக்கிறார்.

அவர் கொஞ்சம் அடங்குவது போர் விமானப் பொம்மைகளிடம் மட்டும்தான். பொம்மை என்றால் கோபம் வரும். அச்சில் உலோகம் வார்த்து, நிஜ விமானத்தை எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தவை. வீட்டு அலமாரியில் நாற்பத்தொன்று நிற்கின்றன. "எனக்குத் துணி வைக்கத்தான் எடமில்ல" என்பாள் அக்கா.

அந்த அலமாரியைப் பார்த்தே வளர்ந்த மகள் நிஜப் போர் விமானம் ஓட்டப் போய்விட்டாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பயமும் தாங்கவில்லை. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டது பெருமையை மட்டும்தான்.

அவள் ஓட்டும் ரகத்திலேயே ஒரு மாதிரி விமானம் வாங்கிக் கடை மேசையில் வைத்தார். இவற்றோடு இரண்டு விதமான உறுப்புகள் வரும். சக்கரங்களைக் கழற்றி, வயிற்றில் மூடிகளைப் பொருத்தித் தாங்கியில் நிறுத்தினால் பறக்கிற நிலை. மூடிகளை எடுத்துவிட்டுச் சக்கரங்களை மாட்டினால் தரையில் நிற்கிற நிலை. மகள் பறக்கும் நாளில் கடை திறந்ததுமே சக்கரங்களைக் கழற்றிவிடுவார். படைத்தளத்து ஓய்வறைத் தொலைபேசியிலிருந்து அவள் "எறங்கிட்டேன்பா" என்றதும், திருகு பிடிக்கும் இடுக்கியால் மூன்று சக்கரங்களையும் மாட்டுவார். அதற்குப் பிறகுதான் தண்ணீர் குடிப்பார். இதெல்லாம் அவளுக்கும் தெரியும். விமானங்களை இறக்கிவிடும் கட்டுப்பாட்டுக் கோபுரம் என்ற கணக்கில் நான் அவருக்கு 'டவர்' என்று பேர் வைத்தேன். கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது.

இப்படிப் பதினொரு மாதம் ஓடியது. ஒருநாள் பதினொன்றரைக்கு அழைப்பு வந்தது. இறங்கிவிட்டாள். பின்சக்கரங்களை மாட்டிவிட்டார். முன்சக்கரம் மட்டும் இடுக்கியிலிருந்து தெறித்து எங்கோ போய்விட்டது. அரிசி அளவுகூட இருக்காது. நான் காந்தம் எடுத்துவந்தேன்.

"இது துத்தநாகக் கலவைடா. காந்தத்துல ஒட்டாது" என்று எரிந்து விழுந்தார்.

மேசைக்கடியில் தவழ்ந்தோம். வாசிக்கிற கண்ணாடி வாங்க வந்த அம்மா ஒருவரும் எங்களோடு குனிந்து தேடினார். பாவம், அவருக்குத்தான் கிட்டத்தில் எதுவும் தெரியாது.

"முன்சக்கரம் இல்லாம எப்படிடா நிக்கும்?"

"அத்தான், அவ எறங்கியாச்சு. இது மேசை."

"அவ குரல இன்னொரு தடவ கேட்டுக்கறேன்" என்று தளத்துக்கு அழைத்தார். கையெல்லாம் தூசி, அதனால் ஒலிபெருக்கியில் போட்டார். எடுத்தவன் அவளோடு பறக்கிறவன்.

"அவங்க இப்பத்தான் மேல போனாங்க சார். வர ஒன்றரை மணி நேரமாகும்."

"ரெண்டாவது தடவையா?"

"இல்ல சார், இன்னிக்கு இதுதான் முதல். எப்பவுமே உங்களுக்குப் போன் பண்ணிட்டுத்தானே கெளம்புவாங்க."

"ஆமாமா. மறந்துட்டேன்" என்று வைத்துவிட்டார்.

பதினொரு மாதமாக அவர் நிம்மதியாகத் தண்ணீர் குடித்த நேரமெல்லாம் அவள் வானத்தில் இருந்திருக்கிறாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

"வரட்டும் கழுத, நான் கேக்கறேன்."

"கேட்டேன்னா இந்தக் கடைப் பக்கமே வராத" என்றார். முகம் வெளுத்திருந்தது. "அப்பா தவிக்கிறாரேன்னு நெனச்சுக்கிட்டே ஏறினா அவளுக்குக் கவனம் செதறும்டா. நான் நிம்மதியா இருக்கேன்னு நெனச்சுக்கிட்டே போகட்டும்."

மாட்டிய பின்சக்கரங்கள் இரண்டையும் கழற்றினார். முன்சக்கரம் மத்தியானம் அவருடைய சட்டைக் கை மடிப்பிலிருந்து விழுந்தது.

அதற்குப் பிறகு புதுக் கணக்கு ஒன்று வைத்துக்கொண்டார். அவள் அழைத்து மூன்று மணி நேரம் கழித்துத்தான் சக்கரமும் தண்ணீரும். "கெட்ட சேதின்னா அதுக்குள்ள வந்துடும்" என்று சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த மூன்று மணி நேரமும் வாசலுக்கும் மேசைக்குமாக நடப்பார். வருகிறவர்களை நானே சமாளித்துக்கொள்கிறேன். டவர் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டேன்.

போன வாரம் மறுபடி அழைத்தாள்.

"எறங்கிட்டேன்பா."

"சரிம்மா. மாட்டிட்டேன்" என்றார். விமானம் தாங்கியில் இருந்தது. மூன்று சக்கரங்களும் அவர் உள்ளங்கையில் இருந்தன.

"மாமாகிட்ட குடுங்க."

அவர் என்னைப் பார்த்தபடியே ஃபோனை நீட்டினார்.

"மாமா, அப்பா தண்ணி குடிச்சாரா?"

மேசையில் தம்ளர் நிறைய அப்படியே இருந்தது.

"குடிச்சுட்டார்மா."

"அப்ப சரி. நான் கெளம்..." என்றவள் சட்டென்று நிறுத்தி, "வெச்சிடறேன் மாமா" என்றாள்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அன்று மூன்று மணி நேரம் நானும் தண்ணீர் குடிக்கவில்லை.