பாய்க்கூரைக்கு ஒரு தகடு

கரிஸ்ஸா பக்கத்துப் பெரிய சூரிய மின்நிலையத்தில் தகாபோவும் நானும் ஆறு வருஷமாகத் தகடு துடைக்கிறோம். அங்கே விளைகிற கரண்ட், எங்கள் குடிசைகளுக்கு மேலே ஓடும் கம்பிகளில் நைரோபிக்குப் போய்விடும். தகாபோவின் மகள் ஊபாவுக்கும் நைரோபியில்தான் வேலை.

கடைசி வரிசையில் ஒரு தகட்டை மட்டும் தகாபோ இரண்டு தடவை துடைப்பாள். "இந்தக் கரண்டுலதான் என் மக வீட்டு பல்பு எரியுது."

"ஆமா, பேர் எழுதி அனுப்புறாங்க பாரு!" என்பேன்.

போன வாரம் அதிகாரிகள் கூட்டம் போட்டார்கள். மின்நிலையத்தை விரிவாக்கலாமா, வீட்டுக் கூரைக்கு ஆளுக்கொரு தகடு கொடுக்கலாமா என்று இரண்டு மணி நேரம் வாதாடினார்கள். தகாபோ எழுந்தாள்.

"கூரைக்கே குடுங்கய்யா. ஃபோனுக்கு சார்ஜ் போடச் சந்தைக்கு நடந்து கால் தேயுது."

"உங்க கூரை தகரமா, ஓடாம்மா?"

"பாய். கோடையில பிரிச்சு ஒட்டகத்துல ஏத்தி ஆத்துப் பக்கம் போயிடுவோம்."

கூட்டமே சிரித்தது. "நிரந்தரக் கூரைக்குத்தாம்மா தகடு," என்றார் அதிகாரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவ கல்யாணத்துக்கு அவ அம்மா பின்னிக் குடுத்த வீடுய்யா அது! உங்க ஆபீஸைவிட வயசு அதிகம்!" என்று கத்தினேன். யார் காதிலும் ஏறவில்லை.

திரும்பும் வழியில் தகாபோ கம்பிகளுக்கு அடியில் நின்றாள். சார்ஜ் இல்லாத ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"நான் அனுப்புறது தெனமும் அவகிட்ட போயிருதுடி. அவ பேசுறதுதான் எனக்கு வந்து சேர மாட்டேங்குது."