கொட்டாஞ்சேனை வாசலில் ஓர் ஒயில் கறை

மருமகன் புதுக் கார் வாங்கியிருக்கிறான். வாங்கி வந்த நாளிலிருந்து, படுக்கப் போகுமுன் அதன் வயிற்றுக்குக் கீழே பழைய பேப்பர் ஒன்றை விரித்துவிட்டு, காலையில் உருவி எடுத்து என்னிடம் காட்டுகிறான். "பாருங்கோ மாமா, ஒரு சொட்டு இல்லை." நானும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்க்கிறேன். பேப்பர் சுத்தமாகத்தான் இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எனக்குத்தான் ஏனோ சந்தோஷம் வரவில்லை.

கார் என்றால் ஒயில் மணக்கவேண்டும், போன இடமெல்லாம் ஒரு கறுப்பு வட்டத்தை விட்டுவிட்டு வரவேண்டும். அப்படி ஒரு காரோடு என் வாலிபம் கழிந்தது. அது என் கார் இல்லை. கார் வாங்குகிற மூஞ்சியா இது? தம்பிராசாவின் கார்.

வெள்ளைக்காரன் காலம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் நாங்கள் மூன்று பேர் சமறி போட்டு இருந்தோம். ஊரிலிருந்து உத்தியோகத்துக்கு வந்த கலியாணமாகாத ஆண்கள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையற்காரன் ஒருவனை வைத்துக்கொண்டு சீவிப்பதற்குப் பெயர் சமறி. நான், தம்பிராசா, அரியம். மூவரும் கிளாக்கர்மார். கோப்பை கழுவத் தெரியாது, அடுப்பு மூட்டத் தெரியாது, குசினிக்குள் ஒரு நாள் எட்டிப் பார்த்ததில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து நாலைந்து கை மாறி வந்த கார் அது. தம்பிராசா அதை வாங்கியபோது எங்களுக்கு ஏற்பட்ட பெருமை கொஞ்சநஞ்சமல்ல. ஒயில் ஒழுகுவது அடுத்த நாள்தான் தெரிந்தது. அடியில் ஒயிலைத் திறந்துவிடும் ஆணியின் புரி தேய்ந்துபோயிருந்தது. கராச்சில் காட்டினால் அடிப்பாகத்தையே மாற்றவேண்டும் என்றார்கள். ஒழுகினால் ஒழுகட்டும் என்று தம்பிராசா விட்டுவிட்டான்.

வேலை முடிந்து கந்தோர் விட்டதும் அவன் கொட்டாஞ்சேனைக்கு டைப்பிங் வகுப்புக்குப் போவான். சில நாட்களில் கடற்காற்று வாங்கியது போதுமென்று நானும் தொற்றிக்கொள்வேன். அங்கேதான் பிலோமினாவைப் பார்த்தோம். துறைமுகத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவரின் மகள். மெலிந்த பெண், வாய் மட்டும் சும்மா இராது. வகுப்பு வாசலில் கிடக்கும் கறையைத் தாண்டிக் குதித்துக்கொண்டு, "உங்கட கார் வந்த உடனே இடாப்பில கையெழுத்து வைக்குது" என்பாள். தம்பிராசா ஒழுக்கைத் திருத்தாமல் விட்டதற்கு அந்தப் பகிடியும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

சைவப் பெடியன் ஒருவனோடு மகள் சிரித்துக் கதைக்கிறாள் என்று யாரோ தகப்பனுக்கு ஓதிவிட்டார்கள். அடுத்த கிழமை அவள் வகுப்புக்கு வரவில்லை. தம்பிராசாவுக்கு ஊரில் ஒரு தங்கை இருந்தாள். வேதக்காரப் பெண்ணை இவன் கட்டினால் அந்தத் தங்கைக்கு மாப்பிள்ளை கிடைக்காது. "அவளின்ர காரியம் ஒப்பேறட்டும், அடுத்த நாளே போய்க் கேப்பன்" என்று எங்களுக்குச் சொன்னான். அவளுக்குச் சொல்ல வழியில்லை.

வழியில்லாத மனிதன் ஒரு வழி கண்டுபிடித்தான். பொழுதுபடும் நேரத்தில் அவர்கள் வீட்டில் செபமாலை சொல்வார்கள். எல்லோரும் முழங்காலில் இருப்பார்கள், முடியும்வரை யாரும் எழும்பமாட்டார்கள். செபத்தின் முன்பாதியை பிலோமினா சொல்ல, பின்பாதியை வீடு முழுக்கச் சேர்ந்து சொல்லும். தம்பிராசா ஒழுங்கை மேட்டில் எஞ்சினை நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் காரை உருளவிட்டு அவள் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவான். அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பான். செபம் முடியுமுன் திரும்பவும் பள்ளத்துக்கு உருளவிட்டு அங்கே ஸ்டார்ட் பண்ணுவான். வேலைநாளில் ஒன்று தப்பாது. கோவிலுக்குப் போகவே பஞ்சிப்படுகிறவன் அந்தச் செபத்தை முழுதாகப் பாடமாக்கிவிட்டான்.

ஒரு நாள் முகம் வெளிறிப்போய் வந்தான். நேற்று நின்ற இடத்தில் விழுந்த கறையின் மேல் யாரோ சாம்பலைக் கொட்டி மூடியிருக்கிறார்களாம்.

"கிழவர் கண்டிட்டார் மச்சான். இனி ஒளிச்சு நிண்டு பிடிப்பார். அவளை மன்னாருக்குப் பெரியதாயிட்ட அனுப்பிப்போடுவார், பிறகு குரலும் இல்லை."

"போகாமல் விடன்" என்றேன்.

"அதைவிடச் செத்துப்போகலாம்."

அன்றிலிருந்து எங்கள் வீடு கராச் ஆயிற்று. போகவும் வேண்டும், கறை விழவும் கூடாது. அரியத்துக்கு எதிலும் ஒரு யோசனை இருக்கும். முதலில் உடுப்புத் தோய்க்கும் சவுக்காரத்தைப் பிசைந்து அப்பினான். எஞ்சின் சூடானதும் அது கரைந்து, காலிக்குப் போகும் பெரிய வீதி நெடுக நுரை தள்ளிக்கொண்டு போனோம். பிறகு தும்பும் பிலாப்பாலும். ஒயில் நின்றதோ இல்லையோ, ஒழுங்கையிலிருந்த எறும்பெல்லாம் குடிவந்தது. ரின்பால் தகரப் பேணி ஒன்றைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டோம். அது ஒரு பொலிஸ்காரரின் காலடியில் கழன்று விழுந்து, அவருடைய வெள்ளைக் காலுறையில் கறையை வைத்தது. கடைசியில் அரியம் தன் பழைய வேட்டியைக் கிழித்து, முன்னும் பின்னும் இழுத்துக்கட்டிக் காருக்குக் கோவணம் கட்டினான். முடிச்சு நெகிழ்ந்து அது தெருவில் இழுபட, பம்பலப்பிட்டிச் சந்தியில் நின்ற சிங்களப் பெடியன்கள், "சரம ஹொந்தாய் மாத்தயா!" என்று சாரத்தை மெச்சி ஊளையிட்டார்கள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். தம்பிராசா சிரிக்கவில்லை.

கைகொடுத்தது என் சப்பாத்து. இடது கால் சப்பாத்தின் நாக்கை அரியம் வட்டமாக வெட்டி, ஒயிலில் ஊறவைத்து, புரியில் நூலைச் சுற்றி அந்தத் தோலோடு சேர்த்து முறுக்கினான். இரவிரவாகப் பேப்பர் விரித்துப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. அடுத்த நாள் அவள் வாசலில் நின்றுவிட்டு வந்தான். காலையில் கந்தோருக்குப் போகிற சாக்கில் நான் சுற்றிக்கொண்டு போய் நிலத்தைப் பார்த்தேன். புட்டு அவிக்கலாம், அவ்வளவு சுத்தம். நாக்கில்லாத சப்பாத்தோடு ஓடிப்போய் அவனுடைய கந்தோர் வாசலிலேயே சொன்னேன். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

பிறகு மாதக்கணக்காக ஒரு பயமுமில்லாமல் போய்வந்தான். ஒருமுறை மட்டும், "இப்பெல்லாம் அவள் செபத்தை ஓட்டமாச் சொல்லி முடிக்கிறாள், மச்சான்" என்று குறைப்பட்டான். வீட்டில் வேலை கூடவாக்கும் என்றான் அரியம்.

தங்கைக்கு இடம் சரிவந்தது. தம்பிராசா லீவு போட்டு ஊருக்குப் போய்க் கலியாணத்தை முடித்துவிட்டு, புது வேட்டி சால்வையோடு திரும்பி வந்தான், கிழவரிடம் நேரே போய்க் கேட்பதற்கு. அதற்கு முதல் ஒருதரம் குரலைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று காரை எடுத்தான். திரும்பி வந்து விறாந்தையில் அப்படியே இருந்தான்.

"குரல் வேற மச்சான். தாய்க்காரி சொல்றா."

விசாரித்துப் பார்த்தால், அவன் ஊரில் நின்ற நாட்களில் பிலோமினாவுக்குக் கலியாணம் முடிந்திருந்தது. அவர்களுடைய கோவிலில் மூன்று ஞாயிறு கலியாண அறிவித்தல் ஓலை வாசித்திருப்பார்கள். சைவக்காரர் எங்கள் காதில் எப்படி விழும்? அன்றைக்குத்தான் முதல் தரமாக அவன் செபம் முடியும்வரை நின்றானாம். காரை விற்றான். மாற்றம் கேட்டு அனுராதபுரத்துக்குப் போனான். அங்கே மலேரியாவில் செத்தான். முப்பது வயதும் ஆகவில்லை.

வெகுகாலத்துக்குப் பிறகு ஒரு காணி உறுதி விஷயமாக, நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குப் போயிருந்தேன். உறுதி எழுதும் பிரக்கிராசியாரின் விறாந்தை வாங்கில் இருந்த நரைத்த தலை அம்மா ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் தம்பிராசாவோட காரில வாறனீங்கள் எல்லே?"

பிலோமினா. அவன் இறந்ததைச் சொன்னேன். கலியாணம் செய்யவில்லை என்றும் சொன்னேன். கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"பிறகேன் வாறதை விட்டவர்?"

"ஆர் விட்டது?"

"முதலில வாசலில கறை கிடக்கும். விடிய அப்பா முதல் பூசைக்குப் போக முந்தி, அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டுபோய் நான்தான் மூடுறனான். பிறகு கறையைக் காணேல்லை. ஒவ்வொரு விடியவும் சாம்பலோட போய்ப் பார்த்திட்டு வந்தன். மனம் மாறிட்டார் எண்டு நினைச்சன். அதுக்குப் பிறகுதான் அப்பா சொன்ன இடத்துக்கு ஓம் எண்டனான்."

அடுப்புச் சாம்பல். துறைமுகத்துப் பெரிய கிளாக்கர் காலையில் குசினிக்குள் போய்ச் சாம்பல் அள்ளுவாரா? வீட்டில் சாம்பல் அள்ளுவது யார் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவனுக்காவது தெரிந்திருந்தால்!

"அவன் வந்தவன், பிலோமினா. ஒரு நாளும் விடேல்லை. ஒழுக்கைத்தான் நாங்கள் அடைச்சிட்டம்."

"எதால?"

"என்ர சப்பாத்து நாக்கால."

அவள் சிரித்துவிட்டாள், பழைய சிரிப்பு. சிரித்துக்கொண்டிருக்கும்போதே லேஞ்சியை முகத்தில் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. விறாந்தையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. இதைச் சொல்லியிருக்க வேண்டுமா, விட்டிருக்க வேண்டுமா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"வெளியில அவர் கேக்கிறார் எண்டு ஒவ்வொரு சொல்லையும் ஆறுதலாச் சொன்னனான்" என்றாள் முகத்தை எடுக்காமல். "பிறகு ஆருக்கு எண்டு ஓட்டமாச் சொல்லி முடிச்சன். அப்பவும் நிண்டவரோ?"

அவளும் இப்போது இல்லை. கொட்டாஞ்சேனையில் அந்த வீடு இருந்த இடத்தில் நாலு மாடி எழும்பிவிட்டது. ஒழுங்கைக்குத் தார் போட்டு மேட்டையும் வெட்டிவிட்டார்கள், எஞ்சினை நிறுத்தினால் கார் நின்ற இடத்திலேயே நிற்கும். பொழுதுபட்ட நேரத்தில் ஒருநாள் போய் நின்று பார்த்தேன். செபம் கேட்கவில்லை, ரேடியோதான் கேட்டது.

இன்று காலையும் மருமகன் பேப்பரை உருவிக்கொண்டு வந்தான். "பாருங்கோ மாமா." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூலை மூலையாகத் தேடிப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.