அம்மா தட்டிப் பார்த்த குழல்

கம்பியில் தொங்கும் துப்பாக்கிக் குழலை அகப்பைக் காம்பால் மெல்லத் தட்டினால், குழல் நல்லதாயிருந்தால் அந்த ஓசை நாம் ஒரு மூச்சை இழுத்து விடும்வரை நீளும். பழுதுள்ளதாயிருந்தால் கீறல் விழுந்த சட்டியைத் தட்டியதுபோல உடனே அடங்கிவிடும். எங்கள் வீட்டில் அப்படித் தட்டிப் பார்த்தவர் அப்பா அல்லர், அம்மா.

எங்கள் தீவில் கான் தெ மாஸ்க் என்ற ஊரில் எங்களுக்குச் சிறிதளவு கரும்பு நிலம் இருந்தது. சர்க்கரை ஆலைப் பட்டறையில் வேலை பார்த்த அப்பா, நிலம் வாங்கிய பிறகு, பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளைத் தேடிச் சேர்ப்பதும் பழுது பார்ப்பதுமாக இருந்தார். தோட்டாவை அடிக்கும் குதிரை உடைந்தது, கட்டை பிளந்தது, துருவேறியது என்று பெரிய வீடுகள் கழித்துப் போட்டவை எங்கள் கொட்டகைக்கு வந்துசேரும். மலையிலிருந்து இறங்கிக் கரும்பை முறிக்கும் குரங்குகளுக்காக, நாங்கள் ‘ஸாக்கோ’ என்று சொல்லும் அந்தக் கூட்டத்துக்காக, சிறு நிலக்காரர்கள் பலரும் ஒரு ‘பிஸி’ வைத்திருக்க விரும்பினார்கள். துப்பாக்கிக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். வாங்குவதற்கு முன் அப்பாவிடம் காட்டிக் கேட்பார்கள். குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தே ஒடுக்கு எங்கே, துரு எங்கே என்று சொல்லிவிடுவார். ஆனால் ஆண்டுக்கணக்கில் தகரக் கொட்டகையின் அருகே சுட்டுச் சுட்டு அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. அதனால் அம்மா தட்டுவாள். அப்பா குழலைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அடுத்த நிலத்து வீராசாமி சித்தப்பா ஒரு துப்பாக்கியுடன் வந்தார். உறவில்லை, பழக்கத்தால் சித்தப்பா. ஊரைவிட்டுக் கப்பலேறப் போகும் தோட்டத்துக் குமாஸ்தா ஒருவர், சித்தப்பாவின் கிடாரிக்கு ஈடாக அதைத் தருவதாகச் சொல்லிக் கூடவே வந்திருந்தார். பூவேலை செய்த வெள்ளித் தகடு பதித்த, அழகான துப்பாக்கி. அப்பா உள்ளும் புறமும் பார்த்துத் தலையசைத்தார். அம்மா தட்டினாள். இன்னொரு முறை தட்டினாள்.

“வேணாம் தம்பி,” என்றாள். “சத்தம் சரியில்ல.”

குமாஸ்தா சிரித்தார். அப்பா துப்பாக்கியை வண்டிச் சக்கரத்தில் கட்டி, தூரத்தில் நின்று கயிற்றால் விசையை இழுத்து, நான்கு தோட்டாக்கள் சுட்டுப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. “சோறு கிண்டற கைக்கு இதெல்லாம் எதுக்கு?” என்று குமாஸ்தா தீவின் பொதுமொழியான கிரியோலில் கேட்க, வேடிக்கை பார்க்க நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா உள்ளே போய்விட்டாள். அவள் பேசாமலே இருந்திருக்கலாம் என்று எனக்கும் அன்று தோன்றியதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. “என் கண்ணுக்குக் குத்தம் தெரியல. ஆனா அவளுக்குக் கேட்டிருக்கு. நல்லதுன்னு என் வாயால சொல்லமாட்டேன்,” என்றார்.

“நாலு தடவ சுட்டீங்களே அண்ணே,” என்ற சித்தப்பா, கிடாரியைக் கொடுத்துத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை அப்பா தம்மிடமிருந்தவற்றில் மிகச் சிறந்ததை, இரண்டு ஆண்டுகள் பாடுபட்டுப் பலாக்கட்டை செதுக்கிப் பொருத்திய துப்பாக்கியை, எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நானும் கூடப் போனேன். “இத நீ வச்சுக்க, அத எனக்குக் கொடு,” என்று அப்பா சொன்னதும் சித்தப்பாவின் முகம் மாறியது.

“நல்லத மட்டம்னு சொல்லிட்டு நீங்களே எடுத்துக்கப் பாக்குறீங்களா?”

அப்பாவுக்கு அது சரியாகக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. சித்தப்பாவே உரக்க மறுபடி சொன்னார். “அப்படித் தோணினா கூட வா. உன் கண்ணு முன்னால பிரிக்கிறேன்,” என்றார் அப்பா.

கொட்டகையில் கரி அடுப்பின் மேல் குழலைப் பக்குவமாகச் சூடேற்றி, இரண்டு குழல்களையும் சேர்த்து ஈயத்தால் ஒட்டியிருந்த நடுப்பட்டையை அப்பா நெம்பி எடுத்தார். அதன் அடியில், வெளியே யார் கண்ணுக்கும் படாத இடத்தில், ஒட்டு விட்டுப்போய் ஈரம் புகுந்து, இடக் குழல் நெடுகத் துரு அரித்திருந்தது. ஆறிய பிறகு குத்தூசியை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். ஊசி உள்ளே இறங்கியது. சுடும்போது இடது கை தாங்கிப் பிடிக்கும் இடம் அது.

சித்தப்பா தம் இடக்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து அடுக்களை வாசலில் போய் நின்றார். “அக்கா,” என்றார்.

அம்மா திரும்பிப் பார்த்து, “சாப்பிட்டியா தம்பி?” என்றாள்.

அப்பாவின் துப்பாக்கி சித்தப்பாவுடனேயே போயிற்று. திருப்பித் தர அவர் பலமுறை வந்தார், அப்பா வாங்கவில்லை. கிடாரியும் குமாஸ்தாவும் போனது போனதுதான்.

இதை நான் காத்ர் போர்ன் நகரில் மகன் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கொட்டகை இருந்த இடத்தில் சிமெண்டு வீடு எழும்பிவிட்டது. அப்பா காலமான பிறகு மீதித் துப்பாக்கிகளைப் போலீசில் ஒப்படைத்தோம். அந்த அடுக்களை வாசலில் அவர்கள் பேசிய தமிழை அந்தத் தெருவில் இன்று பேசுபவர் இல்லை. கட்டிக்கொண்டு போன இடத்திலும், பிறகு பள்ளிக்கூட வேலையிலும், பெண் சொன்னால் முதலில் அத்தாட்சி கேட்பவர்கள் நடுவேதான் பெரும்பாலும் இருந்திருக்கிறேன். அதற்காக நான் ஒருநாளும் வாயை மூடிக்கொண்டதில்லை. குழலைப் பிரித்துப் பார்க்கும் முன்பே, தம் கண்ணைவிட அம்மாவின் காதை நம்பி, தமக்குப் பிரியமானதைத் தூக்கிக் கொடுத்த ஒரு மனிதரின் மகளாக வளர்ந்தவள் நான்; அந்தப் பாக்கியத்துக்கு எந்தக் கோயிலில் நின்று கும்பிட்டாலும் போதாது.