நல்ல குடும்பத்துச் செடி

நர்சரி வேலையில் செடி வாடினால் தண்ணீர் ஊற்றலாம். வாடிக்கையாளர் வாடினால் நம் சீட்டு கிழியும். கடையில் நின்று பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? தொண்ணூறுகளில் நான் புனே பக்கம் நிக்டியில் ஒரு நர்சரியில் இருந்தேன். முதலாளியைக் ‘காக்கா’ என்போம். மராட்டியில் சித்தப்பா. தமிழில் என்ன என்பதை நான் அவரிடம் சொன்னதில்லை. தாவரவியல் படித்தவன் என்று வேலை கொடுத்தவர், அதைப் பேசி வியாபாரத்தைக் கெடுத்தால் வீட்டுக்குப் போ என்றும் சொல்லியிருந்தார்.

குனிந்த தலை

ஆகுர்டி ஃபாக்டரியில் வேலை செய்யும் நம்ம ஊர்க்காரர் ஒருவர், சீதாப்பழச் செடியைத் தொட்டியோடு திருப்பிக் கொண்டுவந்தார். பூ பச்சையாக இருக்கிறதாம், தலையைத் தொங்கப்போடுகிறதாம், மலரவே இல்லையாம். இந்தச் சீதா குடும்பமே அப்படித்தான் என்றேன். இதழ் தடிப்பாக இருக்கும், பாதிதான் விரியும், வண்டு நுழைய அது போதும். வாய் சும்மா இருந்ததா? ஒரே பூ முதலில் பெண்ணாக இருந்து பிறகு ஆணாக மாறும் என்றும் சொல்லித் தொலைத்தேன்.

“வயசுப் பொண்ணு இருக்கற வீடுங்க. நல்ல குடும்பத்துச் செடியா குடுங்க.”

மனோரஞ்சிதம்

இது சீதாப்பழத்துக்குப் பங்காளி. எந்தப் பழத்தை நினைத்து மோந்தாலும் அந்த வாசனை வரும் என்பது நம்மவர் நம்பிக்கை. அதை நம்பி வாங்கிப்போன ஒரு அக்கா சண்டைக்கு வந்தார். வீட்டுக்காரர் மோந்து பார்த்து ஒன்றுமே வரவில்லை என்றாராம். பச்சையாகப் பறித்தால் வராது, பூ மஞ்சளாகிறவரை பொறுக்க வேண்டும் என்றேன். சரி, அவர் எந்தப் பழத்தை நினைத்தார் என்று கேட்டேன்.

“அவரா? கல்யாணமான நாள்லேர்ந்து எதையுமே நெனச்சதில்ல தம்பி.”

அசோக்

நெட்டிலிங்கமும் அதே குடும்பம். அலையலையாய் இலை ஓரம், பச்சை நட்சத்திரப் பூ. ஆனால் புனே முழுக்க அதற்கு அசோக் என்று பெயர். காக்காவின் போர்டிலும் அதுதான். ஒருநாள் கோந்த்வாவில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புச் சொசைட்டியின் செக்ரட்டரி, மதில் ஓரம் வைக்க ஒரு லாரி அசோக் கேட்டு, காக்காவிடம் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மனோரஞ்சித அக்கா வந்து, அதே மரத்தின் பட்டை கொஞ்சம் கேட்டார். மகளுக்கு மாதாமாதம் வயிற்றுவலி, இதைத்தான் கஷாயம் வைத்துக் கொடுக்கிறாராம்.

கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? உண்மையைச் சொன்னால் லாரியும் போகும், வேலையும் போகும். காக்காவுக்குத்தான் தமிழ் தெரியாதே என்று கொட்டிவிட்டேன். “அக்கா, இது அசோகமே இல்ல. நிஜ அசோகம் கொத்துக்கொத்தா செவப்பாப் பூக்கும், அவரைக்காய் மாதிரி காய்க்கும். இதைப் புள்ளைக்குக் குடுக்காதீங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.”

அக்கா பதறிக்கொண்டு ஓடினார். செக்ரட்டரி மெதுவாக என் பக்கம் திரும்பினார். மனிதர் ஆம்பூர்க்காரராம்.

“தம்பி, சொசைட்டிக்கு அசோகவனம்னு போர்டு மாட்டியாச்சு. இந்த விஷயம் தமிழோடயே இருக்கட்டும்.”

ஆக, புனேயிலும் அசோகவனத்தில் சீதா குடும்பத்தைத்தான் கொண்டுபோய் வைத்தோம். இந்த அசோகவனத்தில் அசோக மரம் ஒன்றுகூட இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.