முன்சீட்டின் ஈரம்

அப்பா தையல்காரர். சர்க்கரையால் கால் மரத்துப்போனதிலிருந்து, தினமும் என் பழைய காரில்தான் தன் கடைக்குப் போவார். ஒரு மாதமாக, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைந்துகொண்டே இருந்தது. ஓட்டும்போதெல்லாம் என் கண் வெப்பமுள்ளிலேயே இருக்கும். மெக்கானிக் ரேடியேட்டர், ஹோஸ் எல்லாம் மாற்றியும் பலனில்லை. காருக்கு அடியில் ஒரு சொட்டுகூடக் கிடையாது.

இன்று, முன்சீட்டின் கால்மிதியை அப்பா அவசரமாகத் துடைப்பதைப் பார்த்துவிட்டேன். துணியில் மஞ்சள் ஈரம். நேராக மெக்கானிக்கிடம் ஓட்டினேன்.

"கூலன்ட்தான். ஹீட்டர் குழாய் ஒழுகி வண்டிக்குள்ளயே சொட்டுது," என்றார்.

"ஏம்ப்பா சொல்லித் தொலைக்கல?" என்று கத்தினேன்.

"எனக்குத்தான் ஒண்ணுக்கு அடங்காமப் போகுதுன்னு பயந்துட்டேம்மா. அதான் தண்ணியே குடிக்கறதில்ல."

முள்ளையே பார்த்துக்கொண்டிருந்த நான், அவர் உதடு வெடித்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.