தாய்மாமன் வைத்த பேனர்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் தமிழழகன், கும்பகோணத்தில் ஓவியம் படித்தவன். படித்தது ஒன்று, பிழைப்பு வேறொன்று. காதுகுத்துக்குச் சிங்கக்குட்டி, கண்ணீர் அஞ்சலிக்கு மெழுகுவத்தி, கல்யாணத்துக்கு ரோஜா என்று கேட்டதைப் போட்டுக் கொடுப்பான். இந்த ஊருக்கு இது போதும் என்று உதட்டைச் சுழித்துக்கொள்வான்.

அக்கா இருசம்மாளின் மகள் வெற்றிச்செல்விக்கு வேப்பந்தட்டையில் நிச்சயதார்த்தம் என்றதும் அவனுக்குள் தூங்கிக் கிடந்த ஓவியன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். தாய்மாமன் வைக்கிற பேனர் அல்லவா, நாலு பேர் நின்று பார்க்க வேண்டாமா?

கல்லூரியில் பக்கம் பக்கமாக அலசி எழுதிய ஓர் ஓவியம் ஞாபகத்துக்கு வந்தது. ஐரோப்பாவின் பரோக் காலத்துப் புராணக் காட்சி. பூப்பறித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பாதாள உலகத்து ராஜா தேரில் தூக்கிக்கொண்டு போகிறான். கறுப்புக் குதிரைகள், கும்மிருட்டு, அவள்மேல் மட்டும் பாய்கிற வெளிச்சம். எல்லாமே ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குச் சரிந்து ஓடுவதால் தேர் நிஜமாகவே நகர்வதுபோல இருக்கும். அவள் அலறுகிறாள், கையால் அவன் மார்பைத் தள்ளுகிறாள். கீழே தோழி ஒருத்தி அவள் துணியைப் பற்றி இழுக்கிறாள். மேலே இறக்கை முளைத்த குழந்தைகள்.

அது பெண்ணைக் கடத்துகிற படம் என்று தமிழழகனுக்கு நன்றாகவே தெரியும். இங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தான். அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதிலிருந்த பெண்ணின் உடம்புக்குப் பட்டுச்சேலை போர்த்தினான். அலறுகிற முகத்தை அழித்துவிட்டு, நர்சிங் கல்லூரி விழாவில் சிரித்துக்கொண்டு நின்ற வெற்றிச்செல்வியின் முகத்தை ஒட்டினான். ராஜாவுக்கு மாப்பிள்ளையின் முகம்.

அந்த நேரத்தில்தான் வெற்றிச்செல்வி போன் செய்தாள்.

"மாமா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். படிப்பை முடிச்சுடுறேன். அம்மாகிட்ட சொன்னா அடிக்க வருது. நீங்க சொன்னா கேக்கும் மாமா."

"சரி சரி, பாக்கலாம். போகப் போகச் சரியாயிடும்" என்றபடியே அவள் கன்னத்தின் ஓரத்தை வெட்டிச் சீராக்கினான். அக்காவிடம் பேச அவனுக்குப் பயம். பேசவே இல்லை.

மண்டப வாசலில் பேனர் ஏறியதும் சொந்தக்காரர்கள் மெச்சித் தள்ளினார்கள். மாமன்னா இப்படி இருக்கணும் என்றார்கள். தமிழழகனுக்குத் தலைகால் புரியவில்லை. வேனிலிருந்து இறங்கிய வெற்றிச்செல்வி மட்டும் பேனரைப் பார்த்தபடி அப்படியே நின்றாள்.

"மாமா, நான் எதுக்கு அவரைத் தள்ளுறேன்?"

"அது... வெக்கம்மா."

"கீழ ஒருத்தி என் முந்தானையைப் புடிச்சு இழுக்குறாளே, அவ யாரு?"

"உன் தோழிதான்."

"அவளாச்சும் இழுத்துப் பாக்குறா."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். தமிழழகன் கூனிக் குறுகிப்போனான். அந்தத் தோழியின் கை படத்தின் சரிவைத் தாங்கி நிறுத்துகிறது என்று எழுதிக் கல்லூரியில் கைதட்டல் வாங்கியிருந்தான். அது ஒருத்தியைக் காப்பாற்ற நீண்ட கை என்று ஒரு வரிகூட எழுதவில்லை. வெட்கமாக இருந்தது. பேனரைக் கிழித்துப் போட்டுவிடலாம் போல இருந்தது.

"தம்பி, தட்டு மாத்தப் போறாங்க. தாய்மாமன் வந்து நில்லு" என்று அக்கா கூப்பிட்டாள்.

பேச இன்னும் நேரம் இருந்தது. அவன் வாயைத் திறந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தான். மூடிக்கொண்டு போய்ச் சபையில் நின்றான். தட்டு கைமாறி முடிகிறவரை வெற்றிச்செல்வி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவன் தலை நிமிரவே இல்லை.